எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் ஊர்க்காரர்களுக்கு ஒரு காலத்தில் இரண்டே பள்ளிக்கூடங்கள். ஊருக்குள் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் ஐந்தோடு, மிஞ்சிப்போனால் எட்டோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் டவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடம். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து மைல் வண்டிப்பாதை. அந்தப் பாதையைக் கடக்கப்போவது யார் என்பது பிள்ளை ஏழாவது படிக்கும்போதே ஊருக்குத் தெரிந்துவிடும். பரீட்சை மார்க்கை யாரும் கேட்டதில்லை. வீட்டுக்கு எத்தனை ஏக்கர் நிலம், அப்பாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா, இவள் மூத்தவளா கடைக்குட்டியா, வயதுக்கு வந்துவிட்டாளா, கூடப் பிறந்த ஆண்பிள்ளைகள் எத்தனை பேர், எந்தத் தெரு. இவற்றுக்குப் பதில் தெரிந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு எந்த ஜூன் மாதத்தில் நிற்கும் என்று ஊர்க்கிழவிகூடச் சொல்லிவிடுவாள்.

இன்று அதே ஊர்களில் காலை எட்டு மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் பாருங்கள். சீருடையில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். எட்டு முடித்த பிள்ளையை மேலே அனுப்புவீர்களா என்று எந்த வீட்டிலும் இப்போது கேட்க வேண்டியதில்லை, கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். பல நடுநிலைப் பள்ளிகள் அந்தந்த ஊரிலேயே உயர்நிலைப் பள்ளிகளாகிவிட்டன. ஒரு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் இதைச் சின்ன விஷயமாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் வீடு என்கிற காரணி மறைந்துவிடவில்லை. அன்று அது பள்ளிக்கூட வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று பார்த்தது. இன்று உள்ளே வந்த பிள்ளைக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

குடும்ப நிலை ஒரு பிள்ளையின் படிப்பை எந்த இடத்தில் வெட்டும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே பெரிய சாட்சி உண்டு. விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலாவில் படித்துக்கொண்டிருந்த சிறுவன் காமராஜ், ஆறாம் வகுப்போடு நின்றுபோனான். தகப்பனார் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். பையன் தாய்மாமனின் துணிக்கடைக்குப் போனான். அந்தப் பள்ளிக்கூடமோ ஊர்ப் பெண்கள் தினமும் உலையில் போடும் அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்த பிடி அரிசியில் நடந்தது. ஓர் ஊரே சேர்ந்து பள்ளிக்கூடத்தைத் தாங்கியும், தகப்பன் இல்லாத வீட்டுப் பையனை அதற்குள் நிறுத்தி வைக்க முடியவில்லை. அந்தப் பையன் 1954-ல் முதலமைச்சரானதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, முந்தைய ஆட்சி 1953-ல் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டது. அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றிருந்த அந்தத் திட்டத்தை மக்கள் குலக்கல்வி என்று அழைத்தார்கள். வீட்டின் தொழிலைப் பிள்ளையின் பாடத்திட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்த ஏற்பாடு அது. அதைத் தூக்கிப்போட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு அனுப்பிய எங்கள் ஊர்க்காரர்கள் உணர்ந்த அளவுக்கு வேறு யாரும் உணர்ந்திருக்க முடியாது.

பிறகு வந்தவை எல்லோரும் அறிந்தவை. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்ற கணக்கு. 1960-களில் உயர்நிலைப் பள்ளிவரை கட்டணம் நீங்கியது. இந்தக் கணக்கில் என் மனதில் எப்போதும் உறுத்துவது கடைசி ஐந்து மைல்தான். சைக்கிள் உள்ள வீட்டு ஆண்பிள்ளைக்கு ஐந்து மைல் ஒரு தொலைவே இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது வேறு தேசம். சடங்கு முடிந்த கையோடு படிப்பும் முடிந்த பெண்கள் எத்தனையோ பேர். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப் பெரிய பள்ளிக்கூடம்? கையெழுத்துப் போடத் தெரியுது, லெட்டர் வாசிக்கத் தெரியுது, போதும்த்தா" என்று அப்பத்தாக்கள் சொன்னதில் வன்மம் எதுவும் இல்லை. அந்தப் பாதையில் பேத்தியைத் தனியே விட அவர்களுக்குப் பயம்.

ஐந்து மைலில் இன்னொரு விஷயமும் இருந்தது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி மற்ற தெருக்களைக் கடந்து போனது. ஊருக்குக் கிழக்கே இருந்த தெருப் பிள்ளைகள் அந்த வழியில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஊர்கள் தென்மாவட்டங்களில் இருந்தன. தலித் குடும்பங்களுக்கு ஆதிதிராவிடர் நல விடுதிகள் அதனால்தான் அத்தனை முக்கியமாயின. ஆஸ்டலில் இடம் கிடைத்தால் பையன் ஒன்பதாவதுக்குப் போவான். கிடைக்காவிட்டால் ஆடு மேய்ப்பான். இது பழைய கதை என்று மூடிவிடவும் முடியவில்லை. 2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024-ல் அறிக்கை தந்தது. சாதியைக் காட்ட மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்தைப் பற்றியெல்லாம் ஓர் அரசுக் குழு எழுத வேண்டியிருந்தது என்றால், வீட்டின் எதையெல்லாம் பிள்ளை சுமந்துகொண்டு வகுப்புக்குள் வருகிறது என்று யோசித்துக்கொள்ளலாம்.

கரிசல் ஊர்களில் எட்டாவதை மற்ற இடங்களைவிடக் கூர்மையான வெட்டாக்கியது தீப்பெட்டி. மழை பொய்த்த பூமி. கம்பும் சோளமும் பருத்தியும் போட்டு, மூன்று வருடத்துக்கு ஒரு வருடம் கையைச் சுட்டுக்கொண்ட சம்சாரிகளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வாராவாரம் காசு தந்தது. ஆபீஸ் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது. சட்டத்தில் குச்சிகளை வரிசையாகக் கோத்துக் கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, பண்டல் கட்டுவது. எல்லாமே எண்ணிக்கைக்குக் கூலி. கட்டைக்கு இவ்வளவு, குரோஸுக்கு இவ்வளவு. சின்ன விரல்கள் வேகமாக அடுக்கும் என்பதால் பிள்ளைகளை விரும்பிச் சேர்த்தார்கள், அதிலும் பெண்பிள்ளைகளை. விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் ஏறுவார்கள்.

நான் எட்டாவது படித்தபோது அந்தப் பக்கத்து வரிசை பெஞ்சுகள் நிறையப் பெண்கள் இருந்தார்கள். வாய்ப்பாட்டில் எங்களை முந்துகிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அடுத்த ஜூனில் டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது அவர்களில் விரல்விட்டு எண்ணும்படி ஒன்றிரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்களைச் சாயங்காலம் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்க்கலாம். விரல் நுனியில் மருந்துக் கறை இருக்கும். அவர்களில் பலர் மூத்த பெண்கள். மூத்தவள் அடுக்கிய கட்டைக் காசில்தான் தம்பியின் சைக்கிளும், கோனார் உரையும், டியூஷன் சம்பளமும் வந்தன. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, ஒரே வறுமை. இருந்தும் மூத்தவளுக்கு ஒரு பின்னணி, கடைசித் தம்பிக்கு வேறு பின்னணி. குடும்பச் சூழல் என்று பேசும்போது வீட்டை ஒற்றைப் பொருளாகப் பேசிவிடுகிறோம். அந்த வீட்டுக்குள்ளேயே யாருடைய நேரத்தை விற்று யாருடைய நேரம் வாங்கப்பட்டது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வீடு வாங்கிக் கொடுக்கும் நேரம்தான் உயர்நிலைப் பள்ளிக்கான தயாரிப்பு. அன்று அந்த நேரம் இருந்த வீடுகள் சொற்பம். வாத்தியார் வீடு, ரயில்வேயிலோ தபால் ஆபீசிலோ வேலை பார்த்தவர் வீடு, பட்டாளத்திலிருந்து திரும்பியவர் வீடு, பெரிய சம்சாரி வீடு. அங்கே செய்தித்தாள் வந்தது. இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டி வாசிக்கச் சொல்லித்தர ஒருத்தர் இருந்தார். சில வீடுகளில் பையனை ஆறாவதிலேயே கோவில்பட்டியில் சித்தப்பா வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்கள். ஒன்பதாவது வரும்போது அவனுக்கு டவுன் பழகியிருந்தது. மற்ற வீடுகளில் சிம்னி விளக்கு, அதுவும் மண்ணெண்ணெய் இருந்தால். ரேங்க் கார்டில் அப்பா கைநாட்டு வைப்பார். பிள்ளையே அவர் கட்டைவிரலைப் பிடித்துப் பேனா மையைத் தடவி வைத்துக்கொள்ளும். என்ன மார்க் என்று அவர் கேட்டால் பிள்ளை சொல்வதுதான் மார்க்.

இந்த ஏற்பாடு தானாகக் கலையவில்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1984-ல் பத்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கும் விரிந்தது. அதாவது பெரிய பள்ளிக்கூடத்திலும் மத்தியானம் ஒருவேளைச் சோறு. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தபோது சிவகாசி அதன் தொடக்கக் களங்களில் ஒன்று. பிறகு 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அபாயத் தொழிலில் ஒரு பிள்ளையை வைத்திருந்த முதலாளி, தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பதிலாக அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாயைச் சேர்த்துப் போட வேண்டும். அந்தத் தொகையின் வட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவரை வீட்டுக்கு வரும். நடைமுறையில் எவ்வளவு நிறைவேறியது என்பது தனிக்கதை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று தகப்பனைத் திட்டுவதோடு நிற்காமல், அந்தப் பிள்ளையின் கூலி நின்றால் வீடு எதைத் தின்னும் என்று ஒரு நீதிமன்றம் கேட்டதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இயந்திரங்களும் வந்தன. கட்டை அடுக்கும் வேலை பெரும்பாலும் போய்விட்டது. இன்று ஆபீஸுக்குப் போகிறவர்கள் அன்றைய பிள்ளைகள்தான். நாற்பதும் ஐம்பதும் தாண்டிய பெண்கள்.

இந்தப் பெண்களின் கதையில் யாரும் அதிகம் பேசாத ஒரு திருப்பம் உண்டு. 1989-ல் தமிழக அரசு மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பெண் எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால் ஏழைப் பெற்றோருக்குக் கல்யாணச் செலவுக்கு 5,000 ரூபாய். ஐந்தாவதோடு நிறுத்த நினைத்த வீடுகள் இன்னும் மூன்று வருடம் பொறுத்தன. பிறகு அந்தத் தகுதி பத்தாம் வகுப்பாக உயர்ந்தது; 2011-ல் தொகை 25,000 ரூபாயும் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் ஆனது. கல்யாணத்தைக் காட்டிப் படிக்க வைப்பதா என்று அன்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு இல்லை. அந்தக் காசுக்காக எட்டாவதை முடித்த பெண்கள்தான் இன்று பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஆச்சிமார்களும். ரேங்க் கார்டில் கைநாட்டு இல்லாமல் போனதற்கு அவர்கள்தான் காரணம். நோட்டைத் திறந்து பார்த்து, "எங்கடி, நேத்துப் பாடம் எழுதல?" என்று கேட்கத் தெரிந்த முதல் தலைமுறை அம்மாக்கள் அவர்கள். 2022 செப்டம்பரில் அதே திட்டம் புதுமைப்பெண் என்று உருமாறி, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறது. கல்யாணப் பணமாக இருந்தது படிப்புப் பணமாயிற்று. மூன்று பத்தாண்டுகளில் ஒரு சமூகம் தன் பெண்களைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொண்டதற்கு இதைவிட நல்ல அரசாணைச் சான்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குள்ளும் நேரம் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது. எங்கள் ஊர்களில் குடத்தோடு தண்ணீருக்கு அலைவது பெண்பிள்ளைகளின் வேலை. உப்புத் தண்ணீர் ஒரு கிணற்றில், நல்ல தண்ணீர் அடுத்த ஊரில். கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவுக்கு வந்தபோது அவர்களுக்குக் காலை ஒரு மணிநேரம் மிஞ்சியது. 2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மிக்சியையும் கிரைண்டரையும் கேலி செய்தவர்கள் யாரும், சனிக்கிழமை மாலைகளில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த எட்டாம் வகுப்புப் பெண்ணாக இருந்தவர்கள் இல்லை.

இத்தனைக்கும் பிறகு இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு வருவோம்.

அன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மகனும் கூலிக்காரர் மகளும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். அந்தப் பள்ளியில் ஓட்டை இருந்தால் வாத்தியாருக்கும் பெரிய சம்சாரிக்கும் அது தெரியும். தங்கள் பிள்ளைக்காகவாவது கேட்பார்கள். இன்று அதிகாலையில் ஊருக்குள் வந்து ஹாரன் அடிப்பது மஞ்சள் நிற ஸ்கூல் வேன். மாதச் சம்பளக்காரர், கடைக்காரர், வெளிநாட்டில் அண்ணன் உள்ளவர், எப்படியாவது கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்று துணிந்தவர் என எல்லோர் வீட்டுப் பிள்ளைகளும் எல்.கே.ஜி. முதலே அதில் ஏறிவிட்டார்கள். ஊர்ப் பள்ளியில் மிஞ்சியிருப்பது எந்த வழியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர்கூட அங்கே படிப்பதில்லை. இந்தப் பிரிவினையை நான் இந்தத் தலைமுறையின் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். கட்டிடம் வந்தது, ஸ்மார்ட் போர்டு வந்தது. கேட்கத் தெரிந்த பெற்றோர் போய்விட்டார்கள்.

2011-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் சமச்சீர்க் கல்வி நிலைபெற்றபோது அரசுப் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் ஒரே பாடப் புத்தகம் வந்தது. நல்ல காரியம். புத்தகம் ஒன்றானதும் வித்தியாசம் புத்தகத்துக்கு வெளியே நகர்ந்துகொண்டது. வசதி உள்ள வீடுகள் சி.பி.எஸ்.இ. தேடிப் போயின. அடுத்த படியில் உள்ளவர்களுக்கு ஆறாவதிலிருந்தே ஃபவுண்டேஷன் வகுப்பு, அபாகஸ், இந்தி டியூஷன். 2017-ல் நீட் இங்கே வந்தபிறகு ஃபவுண்டேஷன் என்ற சொல் டவுன் சுவர்களில் எல்லாம் ஏறிவிட்டது. சில தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு என்று ஒன்றே கிடையாது. பெயர்தான் ஒன்பது, நடப்பது பத்தாம் பாடம். அந்தப் பிள்ளைகள் ஒன்பதை எட்டிலேயே முடித்துவிட்டு வருகிறார்கள். இந்தப் பக்கம் ஊர்ப் பள்ளியில் உள்ள பிள்ளைகளில் பலர், ஐந்தாவதில் விட்டுப்போன வகுத்தல் கணக்கை இன்னும் சுமந்துகொண்டு ஒன்பதுக்கு வருகிறார்கள்.

எட்டுவரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை என்ற ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபெயில் ஆன பிள்ளை எங்கள் ஊரில் மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்ததில்லை, ஆபீஸ் பஸ்ஸில்தான் ஏறியது. ஆனால் விட்டுப்போனதைப் பிடிக்க ஒருவரும் இல்லாமல் எட்டு வருடம் நகர்ந்து வந்த பிள்ளைக்கு, ஒன்பதாவது கணக்குப் புத்தகம் திறந்த முதல் வாரமே கணங்கள், பிறகு மெய்யெண்கள், பல்லுறுப்புக் கோவைகள், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் என்று வரிசையாக வருகிறது. அதில் டியூஷன் போகிற வீட்டுப் பிள்ளைக்குச் சாயங்காலம் இரண்டாவது வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்குப் போர்டில் எழுதி அழித்ததோடு சரி. கொரோனா இதை வெட்டவெளிச்சமாக்கியது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டுவரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியில் ஒரே போன் உள்ள வீட்டில் அது அப்பாவின் சட்டைப்பையோடு பட்டாசு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டது. சில பையன்கள் அப்போது பழகிய வேலையை இன்னும் விடவில்லை.

ஒன்பதாம் வகுப்பு என்பது சட்டத்துக்கும் ஒரு விளிம்பு. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயதுவரைதான். அதன்படி தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடத்தில் கட்டணமின்றிச் சேர்ந்த பிள்ளைக்கும் அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு தீர்ந்துவிடுகிறது. 2013-ல் எல்.கே.ஜி.யில் அப்படிச் சேர்ந்த பிள்ளைகள் 2023-ல் ஒன்பதுக்கு வந்தார்கள். பத்து வருடம் ஒன்றாகப் படித்த நண்பர்களோடு தொடர வேண்டுமானால் முழுக் கட்டணம், முடியாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளி. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் இதே வயது. பதினான்குக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு. கரிசல் ஊரில் குடும்பத் தொழில் என்றால் என்ன என்று அந்த விலக்கை எழுதியவர்கள் ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம். பதினான்கு தாண்டிவிட்டால் அபாயத் தொழில் தவிர மற்ற எதற்கும் தடை இல்லை.

அரசின் உதவிகளை வகுப்புவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தால் இந்த விளிம்பு இன்னும் தெளிவாகத் தெரியும். 2022-ல் மதுரையில் தொடங்கி 2023-ல் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவு, ஐந்தாம் வகுப்புவரை. விலையில்லாச் சீருடை எட்டுவரை. கொரோனாவுக்குப் பின் வந்த இல்லம் தேடிக் கல்வியும் எட்டுவரைதான் இருந்தது. இன்னொரு முனையில், பதினொன்றாவதில் சைக்கிள், முன்பு மேல்நிலையில் தந்த மடிக்கணினி, பன்னிரண்டு முடிந்ததும் ஆயிரம் ரூபாய், மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, தொழிற்கல்லூரியில் முதல் பட்டதாரிச் சலுகை. இந்தக் கடைசி ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த வீட்டில் இதுவரை பட்டம் பெற்றவர் யாரும் இல்லை, அது ஒரு குறை, அதை ஈடுகட்ட வேண்டும் என்று அரசே சான்றிதழ் தருகிறது. பதினேழு வயதில் தருகிறது. அந்தக் குறை பிள்ளையை அதிகமாக அழுத்துவது பதின்மூன்று, பதினான்கு வயதில். அப்போது கேட்பாரில்லை.

இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, என்.எம்.எம்.எஸ். என்றால் ஆசிரியர்களுக்குப் புரியும். எட்டாம் வகுப்பில் எழுத வேண்டும். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். சரியாக அந்த விளிம்பில் பிள்ளையின் கையைப் பிடிக்கிற திட்டம். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். இத்தனை பெரிய மாநிலத்துக்கு அது எம்மாத்திரம்? அந்த இடங்களும் எந்தப் பள்ளிக்குப் போகின்றன என்று பார்த்தால், சனிக்கிழமையும் வந்து பயிற்சி தருகிற ஓர் ஆசிரியர் வாய்த்த பள்ளிகளுக்குப் போகின்றன. அப்படிப்பட்ட ஆசிரியர்களை இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியும். சொந்தக் காசில் கைடு வாங்கித் தருவார்கள், வருமானச் சான்றுக்காக அப்பாவோடு தாலுகா ஆபீசுக்கும் போவார்கள். 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதுவரை அடிப்படை தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்கென்று திறன் என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் வகுத்தல் கணக்கு தெரியாமல் இருக்கலாம் என்று கடைசியில் ஒப்புக்கொண்டதே பெரிய ஆறுதல். வகுப்பு நேரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் திணிக்காமல் அது நடந்தால் நன்றாக வரும்.

பெற்றோரும் சும்மா இருக்கவில்லை. முன்பு எட்டில் நடந்த கணக்கு இப்போது ஐந்தில் நடக்கிறது. ஐந்துவரை வேனில் அனுப்பு, ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்று, அப்போதுதான் 7.5-ம் கிடைக்கும், ஆயிரம் ரூபாயும் கிடைக்கும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். இதைத் தந்திரம் என்று நான் பார்க்கவில்லை. அரசுப் பள்ளிக்குக் கேட்கத் தெரிந்த பெற்றோர் கொஞ்சம் பேராவது திரும்பி வருகிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஐந்துவரை வேனில் போய் வந்த பிள்ளையும், ஆரம்பம் முதலே ஊர்ப் பள்ளியில் இருந்த பிள்ளையும் அந்த ஆறாம் வகுப்பில் சந்திக்கிறபோது, ஆசிரியர் கேள்வி கேட்டால் எந்தக் கை முதலில் உயரும் என்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறவர் அந்த அம்மாதான். 5,000 ரூபாய்க்காகவோ, ஒரு நல்ல டீச்சர் வீடு வந்து சண்டை போட்டதாலோ எட்டாவது முடித்தவர். பிள்ளை ஒன்றாவது சேர்ந்த நாள் முதல் அவரும் கூடவே படிக்கிறார். எழுத்து, வாய்ப்பாடு, பின்னம், சமூக அறிவியல் கேள்வி பதில் என்று எட்டுவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். பட்டாசு ஆபீஸ் வேலை முடிந்து, சமையல் முடிந்து, ராத்திரி கண் சொக்கச் சொக்கக் கேட்கிறார். ஒன்பதாவது வந்து பல்லுறுப்புக் கோவை என்று பிள்ளை நோட்டை நீட்டும்போது அவருடைய கல்வி தீர்ந்துவிடுகிறது. எந்த இடத்தில் அவரை நிறுத்தினார்களோ, அதே இடத்தில் அவருடைய உதவியும் நிற்கிறது. "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுத்தா, நீயே பாத்துக்கோ" என்று சொல்லும் அம்மாவின் குரலில் வருகிற வருத்தம், முப்பது வருடத்துக்கு முன்பு யாரோ எடுத்த முடிவின் மீதி.

இப்போது அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் தலைவர் ஒரு தாய்தான். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெற்றோர். கூட்டங்களில் இந்த அம்மாக்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். முதலில் கழிப்பறைத் தண்ணீர், காம்பவுண்டு சுவர், டீச்சர் காலியிடம். கொஞ்சம் கூச்சம் விட்டபிறகு யாராவது ஒருத்தர் எழுந்து இதைக் கேட்பார்: நாலரை மணிக்குப் பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் ஒரு மணிநேரம் யாராவது உட்கார்ந்து கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தர முடியுமா? அதற்குள் கடைசி பஸ் போய்விடும், அதையும் கொஞ்சம் தள்ளி விடச் சொல்ல முடியுமா? சாயங்காலம் பசிக்கும், ஒரு சுண்டல் கிடைக்குமா? தலைமையாசிரியர் எழுதிக்கொள்கிறார். சுண்டலுக்குக் காசு யாரிடம் கேட்பது, பஸ்ஸுக்கு எந்த டெப்போவுக்கு மனு கொடுப்பது, பி.எட். முடித்துவிட்டு ஊரிலேயே இருக்கும் பெண்களில் யாரைக் கேட்கலாம் என்று பேச்சு அங்கிருந்து தொடர்கிறது.